மூசிக் கரை: மாநகருக்குள் ஓர் ஆற்றூர்

ஹைதராபாத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை யானை ஊர்வலம் பழைய நகரத்துத் தெருக்களைக் கடந்து மூசி ஆற்றங்கரைக்கு வந்து முடிகிறது. முதலாவது முஹர்ரம் பத்தாம் நாள் ஊர்வலம். தபீர்புராவிலுள்ள பீபி கா அலாவாவிலிருந்து யானை மேல் ஏற்றப்படும் ‘பீபி கா ஆலம்’ என்னும் புனிதச் சின்னம், மார்பில் அறைந்து துக்கம் காக்கும் பெருங்கூட்டத்துடன் சார்மினார் வழியாகச் சென்று சாதர்காட்டில் ஆற்றங்கரையை அடைகிறது. மற்றது ஆஷாட மாதத்துப் போனாலுத் திருவிழாவின் நிறைவு நாள் ஊர்வலம். ஹரி பௌலியிலுள்ள அக்கன்னா–மாதண்ணா மகாகாளி கோயிலின் ‘கட்டம்’, அதாவது அம்மனாகவே கருதப்படும் அலங்காரக் குடம், யானை மேல் புறப்பட்டு நயாபூலில் ஆற்றில் விடப்படுகிறது. அக்கன்னா, மாதண்ணா இருவரும் கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவின் அமைச்சர்களாக இருந்த உடன்பிறந்தவர்கள்.

நயாபூலுக்கும் சாதர்காட்டுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் முஹர்ரம் ஆண்டுதோறும் முன்னே நகரும். அதனால் 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்த இரண்டு ஊர்வலங்களும் ஜூலை மாதத்திலேயே வந்தன. இரண்டிலும் ஒரே யானை நடந்த ஆண்டுகளும் உண்டு. சாக்கடை என்று எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஓர் ஆற்றுக்கு, இரண்டு சமயத்தாரும் தங்கள் துக்கத்தையும் நேர்த்திக்கடனையும் இன்னமும் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இதிலிருந்தே இந்த நகரத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கலாம்.

ஆற்றூர் என்றதும் நமக்குக் கும்பகோணமும் திருவையாறும் மதுரையும்தான் நினைவுக்கு வரும். படித்துறை, ஆற்றுமணல், ஆடிப்பெருக்கு, அழகர் இறங்கும் வைகை என்று அடுக்கிக்கொண்டே போவோம். ஹைதராபாத்தை யாரும் அந்த வரிசையில் வைப்பதில்லை. ஆனால் அது பிறந்தது ஆற்றூராகத்தான். மாநகரம் எத்தனை திசையில் விரிந்தாலும், புராணாபூல் முதல் சாதர்காட் வரையிலான கரையில் ஓர் ஆற்றூரின் அன்றாடம் இன்றும் நடக்கிறது. நீர் மாறிவிட்டது, நீரை நம்பிய வேலைகள் பலவும் மாறவில்லை. மூசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நீரின் கேட்டைப் பற்றியே பேசுகிறார்கள். கரையில் வாழும் ஊரைப் பற்றியும் பேச வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலத்தின் மேல் ஒரு சந்தை

விகாராபாத் அருகே அனந்தகிரி மலையில் பிறக்கும் மூசி, சுமார் 240 கிலோமீட்டர் ஓடி நல்கொண்டா மாவட்டத்து வாடபல்லியில் கிருஷ்ணையுடன் கலக்கிறது. புராண வழக்கில் அதற்கு முசுகுந்தா நதி என்று பெயர். நகருக்கு மேற்கே லங்கர் ஹௌஸ் அருகில் ஈசி என்ற கிளையாறு வந்து சேர்கிறது. அந்தச் சங்கமத்தில்தான் 1948 பிப்ரவரியில் காந்தியடிகளின் அஸ்தி கரைக்கப்பட்டது. அவ்விடம் இன்று பாபூ காட்.

சார்மினார் எழுந்தது 1591இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, 1578இல், இப்ராஹிம் குலி குத்ப் ஷா மூசியின் மேல் ஒரு பாலம் கட்டிவிட்டார். அதுதான் புராணாபூல். ஊருக்கு முன்பே பாலம் வந்துவிட்ட ஊர் இது. மறுகரையில் சிச்லம் கிராமத்திலிருந்த தன் காதலி பாக்மதியைக் காண இளவரசன் முகம்மது குலி வெள்ளத்தில் குதிரையைச் செலுத்தினான், மகனின் உயிருக்கு அஞ்சிய தந்தை பாலம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகானதுதான், ஆனால் பாலம் முடிந்தபோது இளவரசனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் இராது. கோல்கொண்டாவிலிருந்து மசூலிப்பட்டினத் துறைமுகத்துக்குப் போகும் வணிகப் பாதைக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது என்பதே பொருத்தமான காரணம். பாலத்தை ஒட்டிய கார்வான் பகுதி அந்நாளில் வைர வணிகர்களின் இருப்பிடம். பதினேழாம் நூற்றாண்டில் இவ்வழியே வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, பாரிஸ் நகரத்தின் போன் நெஃப் பாலத்தோடு வைத்துப் பேசும் அளவுக்கு இதை மெச்சினார்.

அந்தப் பாலத்தில் இப்போது வண்டிகள் போவதில்லை; போக்குவரத்துக்குப் பக்கத்திலேயே வேறு பாலம் இருக்கிறது. பழைய பாலம் காய்கறிச் சந்தையாகிவிட்டது. கைப்பிடிச் சுவரை ஒட்டி இருபுறமும் சாக்கு விரித்து, தக்காளியும் கத்தரிக்காயும் பச்சை மிளகாயும் குவித்து வைத்திருக்கிறார்கள். நடுவே ஆள் போக வழி. புளிச்சகீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஒரு பெண் தெலுங்கில் விலை சொல்வார். வாங்க வந்தவர் தக்கனி உருதுவில் பேரம் பேசுவார். எடை போட்டு முடிப்பதற்குள் இரண்டு மொழியும் கலந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டுக் கல் வளைவுகளின் மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறோம் என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அந்தப் பாலத்தின் பெருமை. கம்பி வேலிக்குள் காட்சிப்பொருளாகாமல் அது உழைத்துக்கொண்டே இருக்கிறது. பாலத்தின் முனையில் பழைய கோட்டைமதிலின் வாயில் ஒன்று இன்னும் நிற்கிறது. நகரின் பழைய வாயில்களில் எஞ்சியவை இதுவும் தபீர்புரா வாயிலும்தான்.

கோயிலும் ஆட்டுச் சந்தையும்

பாலத்துக்கு மிக அருகில் ஜியாகுடா. தமிழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய இடம். இங்கே மூசிக் கரையில் அரங்கநாதருக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஏறத்தாழ நானூறு ஆண்டுப் பழமையுடையது என்பர். திருநெல்வேலிச் சீமையின் நாங்குநேரியில் உள்ள வானமாமலை மடத்தைச் சார்ந்தவர்களால் இது எழுப்பப்பட்டது என்பது கோயில் மரபு. காவிரிக் கரையில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு, தாமிரபரணிச் சீமையின் அடியார்கள் மூசிக் கரையில் கோயில் கண்டார்கள். வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசல் திறக்கும்போது நகரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் விடியுமுன் வந்து வரிசையில் நிற்கிறார்கள். மார்கழியில் திருப்பாவை ஒலிக்கிறது. ஆண்டாளின் தமிழை இங்கே தெலுங்கு நாவுகள் ஓதுகின்றன.

அதே ஜியாகுடாவில்தான் நகரத்தின் பெரிய ஆட்டுச் சந்தையும் இறைச்சிக் கூடமும் இருக்கின்றன. தெலங்கானாவின் மேய்ச்சல் மாவட்டங்களிலிருந்தும் மகாராஷ்டிரம், ராஜஸ்தான் வரையிலிருந்தும் ஆடுகள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. ஆடு வளர்க்கும் குருமா, கொல்லா சாதியினர் ஒரு பக்கம், தரகர்கள் ஒரு பக்கம், கசாப்புக்காரர்கள் ஒரு பக்கம் என்று பேரம் நடக்கும். பக்ரீத் நெருங்கினால் நிற்க இடமிராது. கோயில் மணியும் ஆட்டு மந்தையின் ஒலியும் ஒரே காற்றில் வருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரண். கரையில் வாழ்கிறவர்களுக்கு இது வழக்கமான ஒரு காலை. பெரிய ஆற்றூர்கள் எல்லாவற்றிலுமே கோயில், சந்தை, தொழுவம், மயானம் எல்லாம் ஒரே கரையை நெருக்கிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. நீர் எல்லோருக்கும் தேவைப்பட்டது.

துக்யானி

ஊரோடு இவ்வளவு நெருங்கியிருந்த ஆறு ஒருநாள் ஊரை விழுங்கியது. 1908 செப்டம்பர் 28. ‘துக்யானி’ என்று ஹைதராபாத்தின் முதிய குடும்பங்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகின்றன. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. அந்த மழையில் 221 ஏரிகள் உடைந்தன. மேல் ஏரி உடைந்தால் அதன் நீர் கீழ் ஏரியில் இறங்கும். அது தாங்காமல் உடையும். இரண்டின் நீரும் அடுத்ததில் பாயும். அப்படித் தொடராக உடைந்து வந்த வெள்ளம் நகரத்துக்குள் புகுந்தது. அப்சல்கஞ்சும் கோல்சாவாடியும் கான்சி பஜாரும் அழிந்தன. மற்ற மூன்று பாலங்களும் அடித்துச் செல்லப்பட, இரு கரைகளையும் இணைக்கப் புராணாபூல் மட்டுமே மிஞ்சியது. ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர்.

உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி அந்த ஒரே நாளில் தாயையும் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார்; தாம் மட்டும் பிழைத்தார். அப்சல்கஞ்ச் மருத்துவமனைத் தோட்டத்தில் நின்ற ஒரு புளியமரத்தின் மேல் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் உயிர் தப்பினர். அந்த மரம் இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இப்போதும் நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று நகர ஆர்வலர்கள் சிலர் அதனடியில் கூடி இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள்.

வெள்ளம் வடிந்த கதைக்கு லால் தர்வாஜா சிம்மவாகினி கோயிலில் வேறொரு விளக்கம் உண்டு. பிரதமர் மகாராஜா கிஷன் பிரசாத்தின் யோசனைப்படி ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கான் பட்டும் முத்தும் மங்கலப் பொருள்களும் ஆற்றுக்குக் காணிக்கையாக்கினார், நதித்தாய் சினம் தணிந்தாள் என்பார்கள். ஒரு முஸ்லிம் அரசர் இந்து முறைப்படி ஆற்றை வணங்கினார் என்பதை மக்கள் நினைவு விட்டுவிடாமல் வைத்திருக்கிறது. வரலாற்றாசிரியன் இதைச் சான்றாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஊர் தன்னைப் பற்றி எப்படி நினைக்க விரும்புகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

விஸ்வேஸ்வரய்யாவின் விடை

காணிக்கைக்குப் பிறகு பொறியாளரையும் அழைத்தார் நிஜாம். பம்பாய் மாகாணப் பணியை விட்டு ஓய்வு பெற்று ஐரோப்பாவில் பயணத்தில் இருந்த மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா 1909இல் ஹைதராபாத் வந்து சேர்ந்தார். மழை அளவுகளையும் உடைந்த ஏரிகளையும் கணக்கெடுத்து அவர் சொன்ன வழி எளிமையானது: வெள்ளத்தை நகரத்துக்குள் தடுக்க முயலாதே, நகரத்துக்கு மேலேயே பிடித்து வை. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. கரைகளை உயர்த்திப் பூங்காவும் உலாச்சாலையும் அமைக்க வேண்டும், நகருக்கு முறையான சாக்கடை வேண்டும் என்றும் அவர் பரிந்துரைத்தார்.

வெள்ள பயம் தீர்ந்ததும் நகரம் தன் சிறந்த கட்டடங்களை ஆற்றங்கரையிலேயே எழுப்பியது. கட்டடக்கலைஞர் வின்சென்ட் எஷ் வரைந்த உயர் நீதிமன்றம் தென்கரையில், உஸ்மானியா மருத்துவமனை வடகரையில், இடையே ஆறு. சிட்டி காலேஜும் ஆசஃபியா நூலகமும் அருகிலேயே. 1920க்கும் 1936க்கும் இடையில் நீதியும் மருத்துவமும் கல்வியும் நூலும் மூசிக் கரையில் வந்து குடியேறின. அக்காலத்துப் படங்களில் கரைச் சுவரும் படிகளும் தெளிவாகத் தெரிகின்றன. ஆற்றுக்கு முகம் காட்டி ஓர் இந்திய நகரம் தன்னைத் திட்டமிட்டுப் புதுப்பித்துக்கொண்ட அரிய தருணம் அது.

அணைகளின் பயன் அதோடு நிற்கவில்லை. உஸ்மான் சாகரின் நீர், பம்பு எதுவும் இல்லாமல் சரிவிலேயே ஓடி ஆசிப் நகர் வடிகட்டும் தொட்டிகளுக்கு வந்தது. ஊரார் உஸ்மான் சாகரை அழைக்கும் பெயரில், காண்டிபேட் தண்ணீர் குடித்தவன் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டான் என்ற பேச்சுவழக்கும் பிறந்தது. வெள்ளம் தடுக்கக் கட்டிய அணை நகரத்தின் குடிநீர்ப் பானையானது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. வெள்ளத்தை வாங்க வேண்டிய அணை காலியாக இருக்க வேண்டும். தாகம் தீர்க்க வேண்டிய அணை நிரம்பியிருக்க வேண்டும். ஒரே அணை இரண்டு வேலையையும் பார்க்கும்போது, நல்ல மழையாண்டில் மதகு திறப்பதைத் தவிர வழியில்லை. மற்ற ஆண்டுகளில் அணைக்குக் கீழே ஆற்றுக்கென்று ஒரு சொட்டும் விடப்படவில்லை.

வற்றாத ஆறான விந்தை

மூசி பருவ ஆறு. கோடையில் மணலும் பாறையுமாகக் கிடக்கும். இன்றோ பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது! மஞ்சீரா ஆற்று நீர் போதாமல் கிருஷ்ணையை நாகார்ஜுன சாகரிலிருந்தும், பிறகு கோதாவரியை எல்லம்பல்லியிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில் கொண்டுவந்து குடிக்கிறது நகரம். குளித்து, துவைத்து, கழித்த நீரை மூசியில் விடுகிறது. தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்துகொள்கிறது. ஆம்பர்பேட்டில் ஒரு நாளைக்கு 33.9 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருந்தும், வளர்ந்த நகரத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அதன்பின் புதிய நிலையங்கள் பல கட்டப்பட்டு வருகின்றன. ஆக, இன்று மூசியில் ஓடுவது அனந்தகிரி மழை அல்ல. கிருஷ்ணையும் கோதாவரியும் நம் வீடுகளின் வழியாகச் சுற்றி வந்த நீர். அது வாடபல்லியில் மீண்டும் கிருஷ்ணையிலேயே சேர்கிறது.

இந்த நீரிலும் ஓர் உழவு நடக்கிறது. நகருக்குக் கிழக்கே பீர்ஜாதிகுடா, பர்வதாபுரம் பக்கம் போனால் ஆற்றின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. நெல் அல்ல, எருமைக்குப் போடும் பாரா புல். ‘கத்வா’ என்று இங்கே சொல்லப்படும் பழைய சிறு தடுப்பணைகள் ஆற்றுநீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகின்றன. கழிவுநீரில் உரச்சத்து மிகுதி. நெல் போட்டால் தழை மதர்த்து மணி பிடிக்காமல் போகிறது என்பது உழவர்கள் சொன்ன குறை. புல்லுக்குத் தழைதானே வேண்டும்! விதைக்கத் தேவையில்லை, வறட்சிக்கு அஞ்ச வேண்டியதில்லை. அறுக்க அறுக்க வளரும். பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று அரிவாளால் அறுத்துக் கட்டுகிறார்கள். கட்டுகள் நகரத்து எருமைக் கொட்டில்களுக்குப் போகின்றன. ஈரானி டீக்கடையில் ஆடை படர்ந்து வரும் பாலில் மூசிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தப் புல்வயல்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வருமானம் உண்டு, கூடவே அறுக்கிறவர்களுக்குச் சரும நோயும் காய்ச்சலும் உண்டு. ஆற்றின் கேட்டிலிருந்தே பிழைப்பைக் கறந்துகொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டுவதா, இதற்குத் தள்ளப்பட்டார்களே என்று வருந்துவதா? இரண்டும் வேண்டும்.

கரை யாருக்கு?

பெரிய விழாக்கள் சில மூசியை விட்டு விலகிவிட்டன. பிள்ளையார் கரைப்பு ஹுசைன் சாகருக்குப் போய்விட்டது. ஆற்றுக்கு நடுவே திட்டில் மகாத்மா காந்தி பேருந்து நிலையம் 1994இல் வந்தது. ஆற்றங்கரையில் சாதர்காட், மூசா நகர், சங்கர் நகர் போன்ற குடியிருப்புகள் நெருங்கின. கட்டட வேலை, வீட்டு வேலை, ஆட்டோ, பழ வண்டி என்று நகரத்தைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் நகரத்தின் நடுவில் வாடகை கொடுக்கக் கூடிய இடம் அதுவாகத்தான் இருந்தது. 2020 அக்டோபர் வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள் புகுந்தது. 2025 செப்டம்பர் 26 இரவு உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரட்டை அணைகளின் மதகுகள் திறக்கப்பட, பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் ஏறி, பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று. துக்யானியின் நினைவு நாளுக்கு இரண்டே நாள் முன்பு!

மூசிக்குப் புத்துயிர் ஊட்டும் திட்டங்கள் இப்போது பேசப்படுகின்றன. நகர எல்லைக்குள் 55 கிலோமீட்டர் ஆற்றங்கரையைச் சீரமைக்கப் போகிறார்கள். 2024இல் ஆற்றுப் படுகை வீடுகளின் சுவர்களில் சிவப்பு எழுத்தில் குறியிடப்பட்டது. சிலர் அரசு கட்டிய இரண்டு படுக்கையறை வீடுகளுக்குப் போனார்கள். பலர் போக மறுத்தார்கள். கோதாவரியிலிருந்து ஆற்றுக்கென்று 2.5 டிஎம்சி நீர் ஒதுக்கும் திட்டத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு பக்கம், இரட்டை அணைகளைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டரில் 84 கிராமங்களில் பெருங்கட்டடங்களைத் தடுத்து 1996இல் பிறந்த 111ஆம் அரசாணையின் கட்டுப்பாடுகள் 2022இல் விலக்கப்பட்டன. மேலே நீர்ப்பிடிப்பைக் கட்டடங்களுக்குத் திறந்துவிட்டு, கீழே தொலைதூர ஆற்று நீரைப் பம்பு வைத்து ஊற்றினால் எந்த ஆறும் பிழைக்காது.

ஓர் ஆற்றூர் வாழ்வதற்குக் கரையில் நடைபாதையும் விளக்கும் மட்டும் போதா. புராணாபூலின் கீரைக்காரியும் ஜியாகுடாவின் ஆட்டுத் தரகரும் பர்வதாபுரத்துப் புல்வெட்டியும் அங்கே தொடர்ந்து வேலை செய்ய இடம் வேண்டும். படுகைக்குள் குடியிருப்பவர்களை வெள்ளத்துக்குப் பலி கொடுக்கவும் கூடாது. அவர்களுடைய வேலையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி எறியவும் கூடாது. விஸ்வேஸ்வரய்யா நூறாண்டுக்கு முன் சொன்ன வரிசை இன்றும் சரியானது: மேலே நீரைப் பிடி, ஊருக்குள் சாக்கடையைத் தனியே பிரி, அப்புறம் கரையில் பூங்கா போடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் திட்டம் எந்த அரசினுடையதாக இருந்தாலும் அதைக் கேள்வி கேட்பது இந்த நகரத்தின் நீரைக் குடிக்கும் எல்லோருடைய கடமை. காண்டிபேட் தண்ணீர் குடித்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களுக்கும் அந்தக் கடமையில் பங்குண்டு.